மட்டிக்கு அவசரம் அதிகம்

சென்ற இதழில் கடலாமை பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, அலை விழுந்து திரும்பும் ஈர மணலில் உயிருள்ள மட்டிகள் இருக்கும், பார்த்து நடங்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் ஆமையை யாரும் சீந்தவில்லை. எல்லாம் மட்டியைப் பற்றியே. எனக்கு மகிழ்ச்சிதான். கடற்கரைக்குப் போய்க் கிளிஞ்சல் பொறுக்காமல் வீடு திரும்பிய குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அந்தக் கிளிஞ்சலுக்குள் குடியிருந்த பிராணியை உயிரோடு பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். கல்லூரியில் விலங்கியல் கற்பித்த காலம் முழுவதும் இந்தக் குறை எனக்கு உண்டு. ஆகவே இந்த இதழ் முழுவதும் மட்டிக்கு. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

சென்னை, வேளச்சேரி வாசகர்: பெசன்ட் நகர் கடற்கரையில் அலை பின்வாங்கும்போது மணலிலிருந்து சிறிய உருண்டைகள் எழுந்து, நான் குனிவதற்குள் மறுபடி புதைந்துவிடுகின்றன. இவை நண்டா, சிப்பியா?

இரண்டுமே அங்கே உண்டு. அதனால்தான் குழப்பம். ஈர மணலில் நீர் வடியும்போது, ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற சிறு சிறு சுழிப்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது மணல் நண்டு வகை. முட்டை வடிவம், சாம்பல் நிறம். வால் பக்கமாகப் பின்னோக்கிப் புதையும். கடலைப் பார்த்து உட்கார்ந்து, இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகளை நீட்டி, திரும்பும் நீரில் வருகிற உணவை வடித்துக்கொள்ளும். கையில் எடுத்தால் கால்களால் பிறாண்டும். வயிற்றடியில் ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து இருந்தால் பெண்.

மட்டி, அதாவது நீங்கள் கேட்ட சிப்பி வகை, பிறாண்டாது. கையில் எடுத்தவுடன் இறுக மூடிக்கொண்டு கல்லாகிவிடும். நம் கரையில் அலை புரளும் இடத்தில் அதிகம் கிடைப்பது 'டோனாக்ஸ்' என்ற பேரினம். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒரு பக்கம் நீண்டு ஒடுங்கியிருக்கும், மறுபக்கம் குட்டையாக மழுங்கியிருக்கும். வெள்ளை, வெளிர் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று ஒரே கையளவு மணலில் எடுத்தவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருக்கும்; சிலவற்றில் மூட்டிலிருந்து விளிம்புவரை ஊதாக் கதிர்கள் ஓடும். வேறு வேறு இனம் என்று நினைத்துவிட வேண்டாம். டோனாக்ஸ் கூனியேட்டஸ், டோனாக்ஸ் ஃபாபா ஆகிய இரண்டும் நம் கடற்கரைகளில் சகஜம். கடல் உயிரியலாளர்கள் 1950களிலும் 60களிலும் ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் என்ற ஊர்ப் பக்கத்தில் இவற்றின் வளர்ச்சியை அளந்து எழுதியிருக்கிறார்கள்.

உள்ளங்கையில் கொஞ்சம் கடல்நீரோடு அசையாமல் வைத்திருங்கள். சற்று நேரத்தில் ஓடு மயிரிழை திறக்கும். நீண்ட பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒரு நாக்கு நீண்டு உங்கள் விரலிடுக்கைக் குடையும். உங்கள் கையை மணல் என்று நினைத்துத் தோண்டப் பார்க்கிறது.

கும்பகோணத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவன்: கையும் இல்லை, காலும் இல்லை. மட்டி எப்படி அவ்வளவு வேகமாக மணலுக்குள் போகிறது?

தம்பி, கால் இல்லை என்று யார் சொன்னது? ஒரே ஒரு கால் இருக்கிறது. மேலே சொன்ன அந்த வெள்ளை நாக்குதான் கால். எலும்பு கிடையாது, முழுக்கத் தசை. எலும்பில்லாத ஒன்று எப்படி விறைத்து நிற்கிறது என்பதுதான் நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இரத்தத்தால் நிற்கிறது. நம் இரத்தம் குழாய்களுக்குள் ஓடுவதோடு சரி. மட்டியின் இரத்தம் உடம்பின் இடைவெளிகளில் தாராளமாக நிரம்பியிருக்கிறது. அது காலுக்குள் அழுத்தித் தள்ளப்பட்டால் கால் வீங்கி விறைக்கும், வடிந்தால் துவளும்.

இப்போது வேலையைப் படிப்படியாகப் பார். ஓடு சற்றே திறந்திருக்கிறது. கால் மெலிந்து கூர்மையாகி ஈர மணலுக்குள் நுழைகிறது. நீரை உள்ளிழுக்கவும் வெளியேற்றவும் மேலே இருக்கும் இரண்டு குழல்களின் வாயும் மூடிக்கொள்கின்றன. சட்டென்று ஓட்டை மூடும் தசைகள் இரண்டும் சுருங்குகின்றன. அந்த ஒரு சுருக்கத்தில் இரண்டு காரியம் நடக்கிறது: உள்ளே இருந்த நீர் காலைச் சுற்றிப் பீய்ச்சி அடித்து முன்னால் உள்ள மணலை இளக்குகிறது, இரத்தம் காலுக்குள் பாய்ந்து அதன் நுனி விரிந்து மணலைக் கவ்வுகிறது. இப்போது காலை உள்ளிழுக்கும் தசைகள் சுருங்குகின்றன. கால் நகர முடியாது, அது கவ்வியிருக்கிறது. ஆகவே ஓடு கீழே இறங்குகிறது. முன்தசை முதலில், பின்தசை அடுத்து என்று இழுப்பதால், ஓடு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே மணலை அறுத்து இறங்கும். அதன்பிறகு மூடுதசைகள் தளர்கின்றன. ஓட்டின் முதுகில் மீள்தன்மையுள்ள ஒரு நார்ப்பட்டை இருக்கிறது. தசை விட்டவுடன் அது ஓட்டைத் திறந்துவிடும். திறந்த ஓடு இரு பக்கமும் மணலை அழுத்திக்கொண்டு சிக்கி நிற்கும். அந்தப் பிடிமானத்தில் கால் மறுபடி மெலிந்து இன்னும் ஆழத்துக்கு நுழையும்.

பனையேறுகிறவரை நீ பார்த்திருக்கிறாயா? கையால் மரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு காலை மேலே இழுப்பார். பிறகு தளைநார் மாட்டிய காலால் மரத்தைக் கவ்விக்கொண்டு கையை மேலே வீசுவார். எந்த நேரத்திலும் ஒன்று பிடித்திருக்கும், மற்றது நகரும். மட்டி அதையே தலைகீழாகச் செய்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த ட்ரூமன் என்ற விலங்கியலாளர் 1960களில் மட்டிகளின் உடலுக்குள்ளும் ஓட்டுக்குள்ளும் எழும் அழுத்தத்தைக் கருவிகளால் பதிவுசெய்து, இந்தச் சுழற்சியை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்துக் காட்டினார். சேற்றில் வாழும் பல மட்டிகள் நிதானமாக நிமிடக்கணக்கில் செய்யும் வேலை இது. டோனாக்ஸ் சில விநாடிகளில் முடித்துவிடும். முடிக்காவிட்டால் அடுத்த அலை தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் வந்த அவசரம். அதன் ஆப்பு வடிவமும் வழவழப்பான ஓடும் இதற்காகவே அமைந்தவை.

இன்னொன்றையும் கவனி. ஈர மணலில் காலை அழுத்தி ஊன்றினால், பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்து உலர்ந்ததுபோல ஆகிறதல்லவா? நெருக்கமாக அடுக்கியிருந்த மணிகள், அழுத்தும்போது ஒன்றன்மீது ஒன்று ஏறிப் புரள்வதால் இடைவெளி பெருகுகிறது. மேலே நின்ற நீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. மணல் இறுகிவிடும். பிரிட்டனைச் சேர்ந்த பொறியாளர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கிய விஷயம் இது. ஆகவே மணலை முட்டித் தள்ளுகிறவன் தோற்பான். அதே மணலோடு நீரைக் கலந்து கலக்கிவிட்டால் குழம்பாகி வழிவிடும். மட்டி செய்வது இரண்டாவது. அட்லாண்டிக் கரையில் கத்தி வடிவ மட்டி ஒன்று இருக்கிறது. அதன் தசைப் பலத்தைக் கணக்கிட்டால், இறுகிய மணலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அது போக முடியாது. உண்மையில் எழுபது சென்டிமீட்டர் வரை போகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் இதை ஆராய்ந்து, ஓட்டை வேகமாகச் சுருக்கி உடலைச் சுற்றியுள்ள மணலைக் குழம்பாக்குவதுதான் ரகசியம் என்று கண்டார்கள். அதே முறையில் தோண்டும் இயந்திர மட்டி ஒன்றையும் செய்தார்கள். நங்கூரம் இறக்கவும் கடலடியில் கேபிள் புதைக்கவும் உதவும் என்பது அவர்கள் எண்ணம்.

நீயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடி ஜாடியில் மணலும், அதை நனைத்து மேலே நிற்கும் அளவுக்குக் கடல்நீரும் எடுத்து ஒரு மட்டியை வை. பக்கவாட்டில் பார்த்தால் எல்லாம் தெரியும். உலர்ந்த மணலில் வைத்துப் பார்த்தால் திணறும்; அதை நீண்ட நேரம் செய்யாதே. முடிந்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடு.

நாகப்பட்டினம், பள்ளி ஆசிரியர்: கடல் ஏறும்போது மட்டியும் கரையேறும், வற்றும்போது அதுவும் இறங்கும் என்று எங்கள் ஊர் மீனவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம். கரைவலை இழுக்கிறவர்கள் கடலைப் பற்றிச் சொன்னால், முதலில் நம்பிவிட்டுப் பிறகு காரணம் தேடுவது என் வழக்கம். ஒரு திருத்தம் மட்டும்: எல்லா டோனாக்ஸ் இனங்களும் இதைச் செய்வதில்லை. சில இனங்கள் ஒவ்வோர் ஏற்ற வற்றத்துக்கும் இடம்பெயரும். சில, அமாவாசை பௌர்ணமி ஒட்டிய பெரிய ஏற்றத்துக்கும் இடைப்பட்ட சிறிய ஏற்றத்துக்கும் ஏற்பத் தங்கள் வரிசையை மாற்றிக்கொள்ளும். சில இருந்த இடத்திலேயே கிடக்கும்.

இடம்பெயரும் இனங்கள் தவழ்ந்து போவதில்லை. அவ்வளவு தூரம் தவழ அவற்றால் ஆகாது. சரியான அலை வரும் நேரத்தில் மணலைவிட்டு வெளியே துள்ளி, ஓட்டை மூடிக்கொண்டு, அலை கொண்டுபோய்ப் போட்ட இடத்தில் மறுபடி புதைந்துகொள்கின்றன. ஏற்றத்தின்போது கரையை நோக்கி ஓடும் நீரில் ஏறிக்கொள்ளும். வற்றத்தின்போது திரும்பும் நீரில். பயணத்துக்குச் செலவு, வெளியே வரவும் புதையவும் ஆகும் சக்தி மட்டுமே.

எந்த அலை சரியான அலை என்று மணலுக்குள் இருப்பதற்கு எப்படித் தெரியும்? 1938இலேயே மோரி என்ற ஜப்பானியர் தம் நாட்டு டோனாக்ஸ் ஒன்றை ஆராய்ந்து, அலை விழும் அதிர்ச்சிதான் அதைக் கிளப்புகிறது என்று எழுதினார். அமெரிக்காவில் எல்லர்ஸ் என்பவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. அங்குள்ள டோனாக்ஸ் வேரியாபிலிஸ் எல்லா அலைக்கும் எழுவதில்லை. ஐந்தில் ஒன்று என்ற அளவில், பெரிய அலைகளுக்கு மட்டுமே எழுகிறது. பெரிய அலை உடையும்போது மணல் வழியாக வரும் தாழ்ந்த அதிர்வை அது இனம் காண்கிறது. ஆய்வகத்தில் ஒலிபெருக்கி மூலம் அந்த அதிர்வைக் கொடுத்தபோதும் துள்ளின. அதைவிட வேடிக்கை, கடலைவிட்டுப் பிரித்துக் கொண்டுவந்த பிறகும் ஏற்ற வற்ற நேரத்தை ஒட்டியே அவற்றின் துள்ளும் ஆர்வம் கூடியும் குறைந்தும் வந்தது. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

நம் சோழமண்டலக் கரையில் இந்தப் பயணம் அவ்வளவு கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஆனால் சென்னையில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவே மாறும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தொடும். நம் கடற்கரைகள் சரிவானவையும்கூட. ஆகவே இங்கே மட்டியின் மொத்த உலகமும், அலை ஏறி இறங்கும் சில அடி அகலமுள்ள ஒரு ஈரப்பட்டைதான். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் கால் சுடாமல், புதையாமல் நடக்க வசதியாகத் தேர்ந்தெடுப்பதும் அந்தப் பட்டையைத்தான். நடப்பதால் பெரிய கெடுதல் இல்லை. மட்டி மணலுக்குள் பத்திரமாகவே இருக்கும். ஜீப்பையும் டிராக்டரையும் அதே பட்டையில் ஓட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

தூத்துக்குடி வாசகர்: மட்டிக்குத் தலை எங்கே?

கிடையாது. கண் இல்லை, பல் இல்லை, நாக்கு இல்லை, மூளை என்று ஒரே இடத்தில் திரண்ட உறுப்பும் இல்லை. மூன்று இணை நரம்பு முடிச்சுகளை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறது. மேல் எது, கீழ் எது என்று அறிய, காலில் நரம்பு முடிச்சுக்கு அருகே ஒரு நுண்ணிய சமநிலை உறுப்பு உண்டு. எப்படிப் புரட்டிப் போட்டாலும் கால் கீழ்நோக்கியே போவது அதனால்.

உணவு விஷயத்தில் நம்மைவிடச் சுத்தம். மழுங்கிய பக்கத்திலிருந்து இரண்டு குழல்கள் மணலுக்கு மேலே நீளும். ஒன்று நீரை உள்ளே இழுக்கும். அதன் வாயில் கிளைவிட்ட மெல்லிய இழைகள் நின்று மணல்துகளைத் தடுக்கும். மற்றது கழிவு நீரை வெளியேற்றும். உள்ளே வந்த நீரிலிருந்து மிதவை உயிரிகளையும் மக்கிய துணுக்குகளையும் செவுள்கள் பிரித்தெடுக்கும். வாயருகே உள்ள இதழ்கள் அதையும் தரம் பிரித்து, வேண்டாததைச் சளியில் உருட்டி வெளியே தள்ளிவிடும். இரைப்பையில் கண்ணாடி போன்ற ஒரு கோல் சுழன்றுகொண்டிருக்கும். அது கரையக் கரையச் செரிமான நொதிகள் வெளிவரும். எங்கள் மாணவர்கள் மட்டியை அறுத்துப் பார்க்கும்போது இந்தக் கோலைப் புழு என்று நினைத்து அலறுவார்கள். அவர்களை அதிகம் திகைக்கவைத்தது வேறொன்று: பெரும்பாலான மட்டிகளில் மலக்குடல் இதயத்தின் நடுவே நுழைந்து போகிறது. ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். வடிவமைத்தவரைக் கேளுங்கள்.

புதுச்சேரி வாசகி: நான் கிளிஞ்சல் மாலை கோக்கிறேன். சில கிளிஞ்சல்களில் ஊசியால் போட்டதுபோல அழகான வட்டத் துளை இருக்கிறது. நூல் கோக்க மிகவும் வசதி. யார் போட்டது?

மாலையில் நீங்கள் கோத்திருப்பது கொலைக்கான தடயங்களை, அம்மா. அந்தத் துளை வழியாகத்தான் மட்டியின் உயிர் போனது.

செய்தது நிலா நத்தை எனப்படும் வகை. உருண்டையான வழவழப்பான ஓடு. பகலில் பெரும்பாலும் மணலுக்குள்ளேயே ஊர்ந்து திரியும். மட்டியைக் கண்டால் தன் அகன்ற பாதத்தால் அதை முழுவதுமாகச் சுற்றிக்கொள்ளும். மட்டி மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்கும். நண்டுக்கும் பறவைக்கும் ஓரளவு அது பலிக்கவும் செய்யும். நத்தையிடம் பலிக்காது. அதற்கு அரம் போன்ற பல்வரிசை உண்டு. கூடவே ஓட்டை இளக்கும் அமிலத்தைச் சுரக்க ஓர் உறுப்பும் உண்டு. கொஞ்ச நேரம் அந்த உறுப்பை ஓட்டின்மீது ஒட்டவைக்கும், பிறகு அரத்தால் சுரண்டும், மறுபடி அமிலம். ஓட்டின் தடிமனைப் பொறுத்து இந்த வேலை பல மணி நேரம் ஆகும். ஒரு நாளைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு நேரமும் மட்டி உயிரோடுதான் உள்ளே இருக்கிறது. துளை விழுந்ததும் தும்பிக்கை போன்ற வாயை நுழைத்து உண்ணும்.

உங்களிடம் குவியலாக இருப்பதால் ஒரு வேலை சொல்கிறேன். துளைகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளியே அகலமாகவும் உள்ளே குறுகலாகவும் சரிந்திருந்தால் அது நிலா நத்தையின் கைவரிசை. சரிவில்லாமல் நேராக இறங்கியிருந்தால் பெரும்பாலும் முள் சங்கு வகையைச் சேர்ந்த வேறு நத்தை. பாதியிலேயே நின்றுபோன குழிகளும் கிடைக்கும். யாராவது நடுவில் வந்து நத்தையை விரட்டியிருக்க வேண்டும். அல்லது அலை பிரித்திருக்க வேண்டும். அத்தகைய கிளிஞ்சல் கிடைத்தால் மாலையில் கோக்காமல் தனியே எடுத்து வையுங்கள். துளைகள் பெரும்பாலும் ஓட்டின் ஒரே பகுதியில் விழுந்திருப்பதையும் காண்பீர்கள். மட்டியை எப்படிப் பிடித்துத் திருப்புவது என்பதில் நத்தைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது.

மற்ற எதிரிகளும் குறைவில்லை. இரவில் வரும் குழிநண்டு, மட்டியைத் தோண்டி எடுத்து ஓட்டை நொறுக்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து, அலையோடு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும் வெளிறிய சிறு உள்ளான்கள் குஞ்சு மட்டிகளைக் கொத்தித் தின்னும். கோடியக்கரைக்குப் போனால் பார்க்கலாம். நீருக்கடியில் இளம் தட்டைமீன்கள் மட்டியைக் கொல்லாமல், வெளியே நீட்டிய குழலின் நுனியை மட்டும் கடித்துக்கொண்டு போகும். குழல் மறுபடி வளர்ந்துவிடும்.

காரைக்கால் வாசகர்: கடற்கரையில் அள்ளிய மட்டியைச் சாப்பிடலாமா? எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.

சாப்பிடும் பொருள்தான். கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டி சமையல் புதிதல்ல. கடற்கரை டோனாக்ஸ் சிறியது. ஒரு குழம்புக்கு நிறைய வேண்டும். நாம் பொதுவாகத் தின்பது கழிமுகங்களில் கிடைக்கும் பெரிய மட்டிகளை. சமைப்பதற்கு முன் சுத்தமான கடல்நீரிலோ அதே அளவு உப்பிட்ட நீரிலோ சில மணி நேரம் போட்டுவைத்தால் உள்ளே உள்ள மணலைக் கக்கிவிடும். திறந்து கிடப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

இதோடு முடிந்துவிட்டால் இரண்டு கட்சியையும் சமாதானப்படுத்திவிடலாம். முடியவில்லை. நீரை வடிகட்டித் தின்னும் பிராணி, நீரில் இருப்பதையெல்லாம் தன்னுள் சேர்த்துவைக்கும். சாக்கடை கலக்கும் கரையில் கிடைக்கும் மட்டியில் டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் இருக்கலாம். நன்றாகக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். ஆனால் ஒருவித நுண்பாசி தரும் நஞ்சு கொதித்தாலும் சாகாது. கடலில் அந்தப் பாசி பெருகும் காலங்களில் மட்டி அதைத் தின்று நஞ்சைச் சேமிக்கும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது, தின்றவருக்கு உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு கைகால், முற்றினால் மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது; மூச்சு நிற்காமல் மருத்துவமனையில் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. இது வெளிநாட்டுக் கதையல்ல. தமிழ்நாட்டில் 1981இல் கழிமுக மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மூன்று பேர் இறந்தார்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1997இல், பாறையில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். சுமார் 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

மட்டியைப் பார்த்து, முகர்ந்து, ருசித்து இந்த நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. வெள்ளியை உள்ளே போட்டால் கறுக்கும், பூண்டைப் போட்டால் நிறம் மாறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விலகுங்கள். கடல்நீர் சிவந்தோ பச்சையாகவோ நிறம் மாறியிருக்கும்போதும், மீன்கள் செத்து ஒதுங்கும்போதும் மட்டியைத் தொடாதீர்கள். நிறம் மாறாதபோதும் ஆபத்து இருக்கக்கூடும் என்பதால், சாக்கடை வாய்க்கால் பக்கம் அள்ளுவதைவிட, வழக்கமாக எடுத்து விற்கிறவர்களிடம் இடம் கேட்டு வாங்குவது மேல். கடற்கரையில் அள்ளியதா என்றால், என் வாக்கு உங்கள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லும் கட்சிக்கு.

சீர்காழி, திருச்செந்தூர், சென்னையிலிருந்து வந்த சிறு கேள்விகள்

மட்டியில் முத்து விளையுமா? சிறு மணி உருவாகலாம். மின்னாது. முத்தின் பளபளப்பு, முத்துச் சிப்பியின் உட்புறத்தில் இருக்கும் அடுக்கிலிருந்து வருவது. டோனாக்ஸ் ஓட்டில் அந்த அடுக்கு இல்லை.

ஆண், பெண் உண்டா? உண்டு. ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் தங்கள் வித்துகளை நீரில் விட்டுவிடும். கருவுறுதல் கடலில் நடக்கும். பிறக்கும் இளவுயிரி நுண்ணிய மயிரிழைகளால் நீந்திச் சில வாரங்கள் கடலில் மிதந்தபின் மணலுக்கு வரும். உங்கள் கரையில் இருக்கும் மட்டியின் பெற்றோர் வேறு கரையில் இருந்திருக்கலாம்.

ஓட்டில் உள்ள கோடுகளை எண்ணி வயது சொல்லலாமா? குளிர்நாடுகளில் ஓரளவு முடியும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று கோடு விழும். இங்கே மழைக்கால நன்னீர், இனப்பெருக்கம், ஒரு பெரும் அலை என்று எதுவும் கோடு போட்டுவிடும். நம் கரை டோனாக்ஸ்கள் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகள், மிஞ்சினால் மூன்று ஆண்டுகள் வாழும். தென்னாப்பிரிக்காவில் உள்ளங்கை அளவு வளரும் டோனாக்ஸ் ஒன்று அதைவிட நீண்ட நாள் வாழ்கிறது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு இதிலிருந்துதானா? கழிமுக மட்டிகளின் தடித்த ஓட்டிலிருந்துதான் பெரும்பாலும். எல்லாம் கால்சியம் கார்பனேட்டே. சூளையில் சுட்டால் சுண்ணாம்பு.

சேலம் வாசகி: கடற்கரையிலிருந்து என் மகன் ஒரு வாளியில் மட்டிகளைக் கொண்டுவந்தான். கடல்நீரும் மணலும் போட்டிருந்தோம். மறுநாள் காலையில் எல்லாம் வாயைத் திறந்து செத்துக் கிடந்தன. எங்கே தவறு?

வாளியில்தான். அலை புரளும் இடத்தில் நீரில் காற்று எப்போதும் கரைந்துகொண்டே இருக்கும். வாளி நீர் அசையாது. அதில் உள்ள ஆக்சிஜனை மணலில் உள்ள நுண்ணுயிரிகளும் மட்டிகளும் ஓர் இரவுக்குள் தீர்த்துவிடும். முதலில் செத்த ஒன்று அழுகத் தொடங்கி மற்றவற்றின் கதையையும் முடித்திருக்கும். சேலம் வரை வந்த பஸ் பயணத்தின் வெப்பமும் சேர்ந்திருக்கும். வாய் திறந்து கிடந்ததற்குக் காரணம் சாவின் வேதனை அல்ல என்று மகனிடம் சொல்லுங்கள். மூடிவைத்திருப்பதற்குத்தான் மட்டி தசையைச் சுருக்கிப் பாடுபட வேண்டும்; தசை ஓய்ந்துவிட்டால் முதுகு நார் தானாகவே ஓட்டைத் திறந்துவிடும்.

காற்றுக் குமிழி விடும் தொட்டி வாங்கினால் வளர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நுண்ணிய மிதவை உயிரிகளை நாள்தோறும் வளர்த்துக் கொடுப்பது வீட்டில் ஆகிற காரியமல்ல. பட்டினியில் மெல்லச் சாகும். செத்தவற்றை ரோஜாச் செடியின் அடியில் புதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். அந்த வாளி நீரையும் செடிக்கே ஊற்றியிருந்தால், நாலைந்து முறை நல்ல தண்ணீர் விட்டு உப்பை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் ரோஜாவும் கருகும்.